வாசலில் நித்தியகல்யாணி... ஊசியில் வின்கிரிஸ்டின்!

2018-ம் வருஷம், மார்கழி மாதத்துக் காலை. கிளினிக்கைத் திறந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். டோக்கன் போடுவதற்கு முன்பே ஒரு பெரியம்மா உள்ளே வந்துவிட்டார். கையில் மஞ்சள் பை. பையைத் திறந்து என் மேஜை மேல் கொட்டினார். அத்தனையும் நித்தியகல்யாணி. பூ, இலை, தண்டு, வேரோடு பிடுங்கிய நாலைந்து செடிகள்...

"டாக்டர் தம்பி, இதை எத்தனை தண்ணி விட்டு, எவ்வளவா வத்த வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

பின்னாலேயே அவருடைய மகளும் மருமகனும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதுப் பையன். தலையில் குரங்குக் குல்லா. குல்லாவுக்குள் முடி இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

பையனுக்கு ரத்தப் புற்றுநோய். சென்னையில் ஒரு மருத்துவமனையில் நாலு மாதமாக சிகிச்சை. மொத்தம் இரண்டரை வருஷம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். போடுகிற மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின் என்ற ஊசி.

"இந்தச் செடியிலேர்ந்துதான் அந்த ஊசி மருந்தையே எடுக்கறாங்களாம், டி.வி.யில சொன்னாங்க. அந்த ஊசி போட்ட நாள்லேர்ந்து பிள்ளைக்கு வெளிக்கே போகமாட்டேங்குது. கால் வலிக்குதுன்னு அழறான். ஊசியை நிறுத்திட்டு செடியையே நேரா கஷாயமா குடுத்துட்டா என்ன தம்பி? நம்ம வாசல்ல பூத்துக் கெடக்கு!"

அடுத்த வாரம் போட வேண்டிய ஊசிக்குச் சென்னைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்ற முடிவோடுதான் அவர்கள் வந்திருந்தார்கள். ரயில் டிக்கெட்டைக்கூட ரத்து செய்துவிட்டதாக அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

நான் சித்த மருத்துவன். மூலிகை வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு மூலிகை கொடுத்துத்தான் முப்பது வருஷமாகப் பிழைக்கிறேன். அன்றைக்கு அந்தக் கஷாயத்துக்குப் பக்குவம் சொல்லியிருந்தால் அவர்கள் சந்தோஷமாகப் போயிருப்பார்கள். பையன்தான் இருந்திருக்க மாட்டான்.

அன்று அவர்களுக்குச் சொன்னதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பெரியம்மா சொன்னது பொய்யில்லை!

நித்தியகல்யாணி நம்ம ஊர்ச் செடி மாதிரி தோன்றினாலும் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. எங்கெங்கோ சுற்றி இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும். ஆடு, மாடு கடிக்காது. அதனால்தான் சுடுகாட்டில்கூடத் தானாகப் பூத்துக் கிடக்கும். சுடுகாட்டு மல்லி என்று இன்னொரு பெயர் வந்ததும் அப்படித்தான். பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கிராமத்தில் சொல்வார்கள்.

ஜமைக்கா தீவிலும் இதே நம்பிக்கை இருந்தது. 1952-ல் அங்கிருந்து ஒரு பொட்டலத்தில் தனக்கு வந்த இந்தச் செடியின் 25 இலைகளை, கிளார்க் நோபிள் என்ற மருத்துவர், கனடாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தன் சகோதரர் ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். "ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதைக் குடிக்கிறார்கள், என்னவென்று பார்" என்று.

ராபர்ட் நோபிள் எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. சரி, ஊசியாகப் போட்டுப் பார்ப்போம் என்று போட்டார். அப்போதும் சர்க்கரை அப்படியே இருந்தது. ஆனால் எலிகள் சில நாட்களில் செத்துப்போயின! ஏன் செத்தன என்று அறுத்துப் பார்த்தபோது, கிருமித் தொற்று. ரத்தத்தில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருந்தன.

வேறு யாராக இருந்தாலும் 'விஷச் செடி' என்று குப்பையில் போட்டிருப்பார்கள். அவர் யோசித்தார். ரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள்தானே கட்டுக்கு அடங்காமல் பெருகுகின்றன? அவற்றைக் குறைக்கிற பொருள் என்றால்...? வேதியியல் நிபுணர் சார்லஸ் பியர் 1954-ல் அவரோடு சேர்ந்தார். 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்ததை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் இலை லில்லி கம்பெனியும் அதே காலத்தில் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கேதான் வின்கிரிஸ்டின் வந்தது. 1963-ல் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது.

அதற்கு முன்பெல்லாம் குழந்தைகளுக்கு இந்த ரத்தப் புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் சில மாதங்கள்தான். இன்று வின்கிரிஸ்டினோடு வேறு சில மருந்துகளும் சேர்த்து முறையாக முழுச் சிகிச்சை கொடுக்கிற இடங்களில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர்வரை பிழைத்துக்கொள்கிறார்கள். ஆக, வாசல் செடியில் மருந்து இருக்கிறது என்று பெரியம்மா சொன்னது சத்தியமான உண்மை.

எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் விஷயம்.

அரைக் கடுகு மருந்துக்கு மூன்று கிலோ சருகு

பையனின் சிகிச்சைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு வேளைக்குப் போடுகிற வின்கிரிஸ்டின் ஒன்றரை மில்லிகிராமுக்கும் கொஞ்சம் கீழே. ஒரு கடுகின் எடை சுமார் இரண்டு, மூன்று மில்லிகிராம் இருக்கும். அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்த அரைக் கடுகைக் குழந்தையின் உயரம், எடை பார்த்துக் கணக்குப் போட்டு அளக்கிறார்கள். பெரியவர்களுக்கேகூடப் பொதுவாக ஒரு வேளைக்கு இரண்டு மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. தாண்டினால் நரம்பு போய்விடும்.

ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நித்தியகல்யாணியின் காய்ந்த இலை எவ்வளவு தேவை தெரியுமா? சுமார் 2,000 கிலோ! இரண்டு டன். ஒரு மில்லிகிராமுக்கு இரண்டு கிலோ சருகு. பையனுடைய ஒரு வேளை ஊசிக்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோ.

பெரியம்மா கொட்டிய செடிகளை எல்லாம் காயவைத்தால் கால் கிலோ தேறாது.

"அப்ப நிறையப் போட்டுக் காய்ச்சினா?" என்றார் விடாமல். நியாயமான கேள்விதான்!

இந்த மருந்தை வாய் வழியாகக் கொடுத்துப் பயனில்லை. குடலிலிருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது. நேராக ரத்தக்குழாய்க்குள் போக வேண்டும். ஊசி ஏறும்போது குழாயை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதை வெந்து புண்ணாகும். தவறிப்போய் முதுகுத்தண்டில் போட்டுவிட்டால் உயிரே போகும். அவ்வளவு உக்கிரமான சரக்கு இது. அதோடு, அந்த இலைக்குள் இந்த ஒரு பொருள் மட்டுமா இருக்கிறது? 130-க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வேரில் இருக்கும் ஒன்று ரத்தக்குழாய்களை விரிக்கும். கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இந்த மழைக்குப் பறித்த இலையும் அடுத்த வெயிலில் பறித்த இலையும் ஒன்றாக இருக்காது.

முழு மூலிகையாகக் கொடுப்பதுதான் சிறந்தது என்று எங்கள் துறையில் பேசுவோம். நானும் பேசுகிறவன்தான். ஆடாதோடையிலும் நிலவேம்பிலும் அதைச் சொல்வேன். அரைக் கடுகு கூடினால் நரம்புக்கும், குறைந்தால் உயிருக்கும் ஆபத்து என்கிற இடத்தில் அதைச் சொல்ல மாட்டேன்.

சரி, இந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகளால் ஒரு சாரம் கட்டிக்கொள்ளும். கொத்தனார் கட்டுகிற சாரம் மாதிரி. வின்கிரிஸ்டின் அந்தச் சாரத்தைக் கட்ட விடாது. வேலை நின்று செல் செத்துப்போகும். புற்றுச் செல் வேகமாகப் பெருகுகிறது, அதனால் அதற்கு அடி அதிகம். முடியை வளர்க்கும் செல்லும் வேகமாகப் பெருகுகிறது, அதனால் முடி கொட்டுகிறது. நரம்புக்குள்ளும் இதே இழைகள்தான் தண்டவாளம் மாதிரி ஓடுகின்றன. கால் வலியும் மலச்சிக்கலும் அதனால்தான். ஊசி கெட்டது என்பதற்கு அது அடையாளம் இல்லை.

மருமகன் கேட்ட கேள்வி

அதுவரை பேசாமல் இருந்த மருமகன் வாயைத் திறந்தார். வங்கியில் வேலை, கொஞ்சம் படிக்கிற ஆள். "அவ்வளவு இலை வேணும்னா, வயல்ல எதுக்கு சார் வளர்க்கணும்? வாழைக்கன்னே டிஷ்யூ கல்ச்சர்ல வருதே. மருந்தையும் லேபிலேயே வளர்த்துடலாமே?"

இந்தக் கேள்வியை உலகத்துப் பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதலில், செடியின் செல்லை வளர்ப்பது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சமையல்கட்டில் நிற்கிறவர்களுக்கு இது சுலபமாகவே புரியும்.

இலையில் ஒரு துண்டு நறுக்கி, பிளீச்சிங் கரைசலில் கழுவிக் கிருமியைப் போக்குகிறார்கள். சர்க்கரையும் உப்புச் சத்துகளும் வைட்டமினும் சேர்த்துக் காய்ச்சிய கடல்பாசிமேல் வைக்கிறார்கள். ஆமாம், நீங்கள் நோன்புக் காலத்தில் பார்க்கிற அதே கடல்பாசி ஜெல்லிதான். கூடவே ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரண்டு வளர்ச்சி ஹார்மோன்கள் துளித்துளி. மூன்று, நாலு வாரத்தில் அந்த வெட்டுவாயில் உதிரிப் புட்டு மாதிரி ஒரு திரள் வளரும். வேரும் இல்லை, தண்டும் இல்லை, வெறும் செல்களின் கூட்டம். கேலஸ் என்று பெயர். அதை எடுத்துச் சத்துநீரில் போட்டுக் குலுக்கிக்கொண்டே இருந்தால் செல்கள் உதிர்ந்து, மிதந்து, பெருகும். கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, பிறகு பெரிய எஃகுத் தொட்டிக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த தொட்டிக்கு விடுவது... நாம் உறைமோர் எடுத்துவைக்கிறோமே, அதேதான்!

வாழைக்கன்றுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வாழையில் முழுக் கன்று வேண்டும். இங்கே கன்றே வேண்டாம். செல் செல்லாகவே இருந்துகொண்டு மருந்தைச் சுரந்தால் போதும்.

மாவு புளிப்பது போன்ற தொல்லையும் உண்டு. பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். செடியின் செல் இரட்டிப்பாக நாள் கணக்கில் ஆகும். தொட்டியில் சர்க்கரைத் தண்ணீர் வேறு. ஒரே ஒரு கிருமி நுழைந்துவிட்டால் மொத்தத் தொட்டியும் சாக்கடைக்குத்தான். கிருமியே புகாத ஆலை கட்ட ஆகிற செலவு பெரிய செலவு.

1902-ல் ஆஸ்திரிய தாவரவியல் அறிஞர் ஹாபர்லாண்ட், செடியின் ஒற்றைச் செல்லைத் தனியே எடுத்து வளர்க்கலாம் என்று எழுதினார். முயன்றும் பார்த்தார், செல்கள் உயிரோடு இருந்தன, பெருகவில்லை. என்ன குறை என்பது பிறகு தெரிந்தது. 1941-ல் வான் ஓவர்பீக் என்பவரும் கூட்டாளிகளும் ஊமத்தையின் மிகச் சிறிய கருக்களை வளர்க்கப் பார்த்தபோது எதற்கும் அசையாத கரு, தேங்காய்த் தண்ணீர் விட்டதும் வளர்ந்தது! அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்டின் குழு கேரட் செல்களுக்கும் தேங்காய்த் தண்ணீர் விட்டது. 1958-ல் செல்களிலிருந்து கேரட் செடியே முளைத்துவிட்டதாக அறிவித்தார்கள். நாம் உடைத்துவிட்டுக் கீழே கொட்டுகிற தண்ணீருக்கு இப்படி ஒரு பெருமை.

மருந்துக்காக இந்த முறையை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பான்காரர்கள். ஷிகோன் என்று அவர்கள் சொல்கிற செந்நிற வேர் அங்கே தீப்புண்ணுக்கும் மூலத்துக்கும் போடுகிற பாட்டி வைத்தியச் சரக்கு. காட்டில் அருகிப்போயிற்று, வயலில் வேர் முற்றப் பல வருஷம். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தபாதாவின் ஆராய்ச்சியை வைத்து, மிட்சுயி கம்பெனி 1980-களில் தொட்டியில் செல்களை வளர்த்து மூன்று வாரத்தில் அந்தச் சிவப்புப் பொருளை எடுத்தது. முதலில் அது எதற்குப் போனது தெரியுமா? லிப்ஸ்டிக்குக்கு! சாயம் நன்றாக விலை போனது, தொட்டிச் செலவு கட்டுப்படியானது.

பட்டையை உரித்தால் மரம் சாகும்

உயிர் காக்கும் மருந்தில் இது கைகொடுத்த கதை யூ மரத்தின் கதை.

1962-ல் அமெரிக்காவின் மேற்குக் கரைக் காட்டில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்து ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். அதிலிருந்த பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1971-ல் வெளியிட்ட இருவரில் ஒருவர் மன்சுக் வானி. நம் நாட்டுக்காரர்; மகாராஷ்டிராவில் நந்துர்பாரில் பிறந்து, பம்பாயில் படித்துப் போனவர். இன்னொருவர் மன்ரோ வால். அந்தப் பொருள்தான் டாக்ஸால். வின்கிரிஸ்டின் சாரத்தைக் கட்ட விடாது என்றேன் அல்லவா? டாக்ஸால் கட்டிய சாரத்தைப் பிரிக்க விடாது! 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் கண்டுபிடித்துச் சொன்னார். கட்ட முடியாவிட்டாலும், பிரிக்க முடியாவிட்டாலும் செல்லுக்கு முடிவு ஒன்றுதான்.

1992 டிசம்பரில் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி. பிறகு மார்பகப் புற்றுநோய்க்கும். இன்று நம் ஊரில் மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுக்கும் பெண்களில் பலர் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். சீட்டில் பாக்லிடாக்செல் என்று இருக்கும்.

ஆனால் நூறு வயது யூ மரம் ஒன்றை உரித்தால் கிடைப்பது சுமார் மூன்று கிலோ பட்டை. அதிலிருந்து வருவது 300 மில்லிகிராம் மருந்து. ஒரு நோயாளிக்கு ஒரு வேளை! முழுச் சிகிச்சைக்குப் பல மரங்கள் வேண்டும். பட்டை உரித்த மரம் செத்துப்போகும். ஒரு பக்கம், "மரத்தை வெட்டாதே" என்று காட்டைக் காப்பவர்கள். மறுபக்கம், "என் மனைவி சாகிறாள்" என்று நோயாளியின் வீட்டார். யாரைத் தப்பு சொல்வீர்கள்?

முதலில் வந்த வழி இலையிலிருந்து. பிரான்சில் பியர் போத்தியே என்பவர், ஐரோப்பிய யூவின் இலையில் மருந்துக்கு முந்தைய நிலைப் பொருள் ஒன்று நிறைய இருப்பதைக் கண்டார். இலை பறித்தால் மரம் மறுபடி துளிர்க்கும். அந்தப் பொருளை வேதியியல் முறையில் டாக்ஸாலாக மாற்றினார்கள். அடுத்தபடியாகத் தொட்டி. ஜெர்மனியில், 75,000 லிட்டர்வரை கொள்ளும் தொட்டிகளில் யூ மரத்தின் செல்களை வளர்த்து மருந்தைத் தயாரித்தார்கள். பிரிஸ்டல்-மயர்ஸ் ஸ்குவிப் கம்பெனி 2002 வாக்கில் இந்த முறைக்கு மாறியது. 2004-ல் இதற்காக அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இதில் உண்டு. சொகுசாக வளர்கிற செல் மருந்தைச் சுரக்காது. சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கிறது, பூச்சி இல்லை, பகை இல்லை. எதற்காகச் சுரக்க வேண்டும்? செடிக்கு அது மருந்து இல்லையே, எதிரியை விரட்டுகிற விஷம்! அதனால் செல்கள் நன்றாகப் பெருகியதும் மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற வாசனைப் பொருளைத் துளி கலக்கிறார்கள். செடியைப் புழு கடித்தால் செடிக்குள் பரவுகிற அபாயச் செய்தி இது. 'ஐயோ, புழு வந்துவிட்டது' என்று செல்கள் ஏமாந்துபோய் டாக்ஸாலைச் சுரக்கத் தொடங்கும். பெயரில் இருக்கும் ஜாஸ்மின் சாட்சாத் நம்ம மல்லிகை இனம்தான். முதலில் ஜாதிமல்லி வகை எண்ணெயில் கண்ட பொருள்.

நித்தியகல்யாணி மட்டும் ஏன் மசியவில்லை?

யூவில் முடிந்தது நித்தியகல்யாணியில் முடியவில்லை. எத்தனையோ நாட்டில், எத்தனையோ ஆய்வுக்கூடத்தில் முயன்றார்கள். செல் வளர்ந்தது. மருந்து வரவில்லை!

காரணம், வின்பிளாஸ்டின் ஒற்றைப் பொருள் அல்ல. விண்டோலின், கேதரான்தின் என்ற இரண்டு பொருள்கள் கைகோத்தால்தான் அது உண்டாகும். அதிலிருந்து வின்கிரிஸ்டின். தொட்டியில் மிதக்கிற செல் கேதரான்தினைச் செய்கிறது. விண்டோலினைச் செய்ய மாட்டேன் என்கிறது. ஏனென்றால் அதற்கு வெளிச்சம் பட்ட இலை வேண்டும். இலைக்குள் வெவ்வேறு வகைச் செல்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வகைச் செல் பாதி சமைத்து அடுத்ததிடம் கொடுக்கும், அது கொஞ்சம் சமைத்து அடுத்ததிடம் தள்ளும். கூட்டுக் குடும்பத்துச் சமையல்! உதிரிப் புட்டாகக் கிடக்கிற செல்லுக்கு அந்தக் குடும்பம் ஏது?

இலையிலேயே மருந்து ஏன் இத்தனை சொற்பம் என்பதும் 2010-ல் தெளிவானது. கேதரான்தின் இலையின் மேற்பரப்பில் மெழுகுப் பூச்சில் இருக்கிறது. விண்டோலின் இலைக்குள்ளே இருக்கிறது. ஒன்று திண்ணையில், இன்னொன்று உள்ளறையில். இரண்டும் சந்தித்தால்தானே மருந்து!

ஆகவே இன்றும் பெரும்பாலும் வயலில் விளைகிற இலையிலிருந்துதான் ஆரம்பம். நம் தென்மாவட்டத்து வானம் பார்த்த பூமியிலும் இதைப் பயிர் செய்கிறார்கள். இலையில் தனித்தனியே இருக்கிற இரண்டையும் பிரித்தெடுத்து, ஆலையில் கைகோக்க வைத்து மருந்தாக்குவதும் உண்டு. வயலை நம்பியிருந்தாலும் சரி, ஒன்றிரண்டு கம்பெனியை நம்பியிருந்தாலும் சரி, சிக்கல்தான். 2019-ல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்தது. அங்கே மருந்து தயாரித்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று நிறுத்திக்கொண்டது, இன்னொன்றால் உடனே ஈடுகட்ட முடியவில்லை. குழந்தைகளுக்கு ஊசியைத் தள்ளிப்போட வேண்டுமோ என்று மருத்துவர்கள் தவித்தார்கள்.

2022-ல் வேறொரு கதவு திறந்தது. பன்னுக்குப் போடுகிற ஈஸ்ட் இருக்கிறதே, அதற்குள் செடியின் மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, முப்பதுக்கும் மேற்பட்ட படிகளை ஈஸ்டே செய்யும்படி பழக்கி, விண்டோலினையும் கேதரான்தினையும் சுரக்க வைத்தார்கள் ஜே கீஸ்லிங் குழுவினர். பிறகு இரண்டையும் கோத்து வின்பிளாஸ்டின். கிடைத்தது மிக மிகச் சொற்பம்தான். கடைக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. ஆனாலும் செடியின் கூட்டுக் குடும்பச் சமையலை ஒரே பாத்திரத்தில் இறக்கிவிட்டார்கள்!

கேரட்டும் ஒரு நல்ல காரியம் செய்தது. காஷே என்ற பரம்பரை நோயில் உடம்பில் ஒரு நொதி குறைந்து மண்ணீரல் வீங்கும். அந்த நொதியைக் கேரட் செல்களில் உண்டாக்கினார்கள் இஸ்ரேல் நாட்டவர்கள். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்காகத் தினமும் கேரட் ஜூஸ் குடித்தால் காஷே குணமாகும் என்று யாராவது வீடியோ போடாமல் இருந்தால் சரி.

'ஆப்பிள் ஸ்டெம் செல்' என்று எழுதி முகக் கிரீம் விற்கிறார்களே, அதுவும் இப்படித்தானா என்று சில வாசகிகள் கேட்கக்கூடும். வளர்த்த செல்லை நொறுக்கிச் சாறாக்கிக் கலக்கிறார்கள். உயிரோடு இருக்கிற செல் எதுவும் அந்த டப்பாவில் இல்லை. வாங்குவது உங்கள் இஷ்டம், உங்கள் பர்ஸ்.

எங்கள் துறைக்கும் இதில் வேலை உண்டு. தாளிசபத்திரி என்று மருந்துச் சரக்குக் கடையில் விற்கிறார்களே, அந்தப் பெயரில் வருகிற இலை ஒன்றல்ல, பல. அவற்றில் இமயமலை யூ மரத்தின் இலையும் ஒன்று. அந்த மரம் இன்று அழிவின் விளிம்பில். 1995 முதல் அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. சர்ப்பகந்தா வேரும் அப்படித்தான் ஆயிற்று. 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் என்ற ரத்த அழுத்த மருந்தைப் பிரித்த பிறகு, காட்டில் வேரோடு பிடுங்கித் தீர்த்தார்கள். நான் மாணவனாக இருந்தபோது மலையில் காட்டிக்கொடுத்த மூலிகைகளில் சிலவற்றை இன்றைய மாணவர்கள் படத்தில்தான் பார்க்கிறார்கள். தொட்டியில் வளர்ந்தது செயற்கை, எங்களுக்கு வேண்டாம் என்று என் சக மருத்துவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் செல்லும் அதே செடியின் செல்தானே என்பது என் கட்சி. எந்தச் சரக்கு தொட்டிக்கு மசியும், எது மசியாது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதற்குள் காடு காலியாகிவிடக் கூடாது.

அன்று என்ன முடிவாயிற்று?

மருமகன் வெளியே போய் போனில் மறுபடி டிக்கெட் எடுத்தார். மலச்சிக்கலையும் கால் வலியையும் சென்னை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். மறைத்திருக்கிறார்கள்! "சொன்னா திட்டுவாங்களோன்னு..." என்றார் அந்த அம்மா. சொன்ன பிறகு அங்கேயே மலமிளக்கி மருந்து எழுதிக் கொடுத்தார்கள். காலை வாராவாரம் சோதித்தார்கள்.

அந்த இரண்டரை வருஷமும் பையனுக்கு நான் உள்மருந்து எதுவும் கொடுக்கவில்லை. வின்கிரிஸ்டினைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. சில மருந்துகள் அந்த நொதியைத் தடுத்துவிடும். பூஞ்சைக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளே அப்படிச் செய்து, ஊசியின் விஷத்தைக் கூட்டிவிடும். என் சூரணத்தில் இருக்கிற பத்துச் சரக்கில் எது அந்த வேலையைச் செய்யும் என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது? உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சிகிச்சையில் இருந்தால், எங்களைப் போன்றவர்களிடம் வாங்குகிற பொடி, லேகியம் எல்லாவற்றையும் புற்றுநோய் மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டிவிடுங்கள். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் பச்சைக் காய்கறி சாலட் வேண்டாம், வேகவைத்துக் கொடுங்கள் என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

2021-ல் சிகிச்சை முடிந்தது. குல்லா இல்லாமல், சுருட்டை முடியோடு வந்தான் பையன். பெரியம்மாவும் வந்திருந்தார்.

"தம்பி, அந்தச் செடி வாசல்ல இன்னும் இருக்கு. வச்சுக்கலாமா, பிடுங்கிடலாமா?"

"வச்சுக்கோங்கம்மா. பூவை சாமிக்குப் போடுங்க. சின்னப் பிள்ளைங்க இலையைக் கடிக்காம மட்டும் பாத்துக்கோங்க" என்றேன்.